வெப்பச் சிக்கன வாரியமும் ஒன்றே முக்கால் கிலோவும்

தையற்காரிக்கு வெப்பச் சிக்கன வாரியத்தின் மேல் அதுவரை எந்தப் பகையும் கிடையாது. துணி வெட்டிப் பிழைக்கிறவளுக்கு பாய்லரோடு என்ன பேச்சு? நிலவறையில் ஏதோ ஒன்று நாள் முழுக்க உறுமுகிறது. அது தண்ணீரைக் காய்ச்சுகிறது. தண்ணீர் குழாய் வழியே எட்டு மாடிக்கும் ஏறி, ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் இரும்பு ரேடியேட்டருக்குள் புகுந்து, அறையைச் சூடாக்கிவிட்டுத் திரும்ப இறங்கிப் போகிறது. பதினோரு வருஷமாக அவள் அறிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் அறிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அந்தக் குளிர்காலம் தொடங்கிய வாரம் லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பாய்லர் தண்ணீரின் வெப்பநிலை எழுபத்தைந்து டிகிரியிலிருந்து நாற்பத்தெட்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. இதனால் பாய்லரின் திறன் எண்பத்தொரு சதவீதத்திலிருந்து தொண்ணூற்றாறாக உயர்ந்திருக்கிறது. இந்த முன்னேற்றத்தைக் குடியிருப்போர் விரைவில் உணர்வார்கள். கீழே வாரியத் தலைவரின் கையெழுத்து. படித்தவர்கள் வாயிலிருந்து வந்த ஆவி அறிவிப்பின் மேல் படிந்து, இரண்டே நாளில் கையெழுத்து மட்டும் கலைந்து போயிற்று. முன்னேற்றத்தை எல்லோரும் உணர்ந்துவிட்டார்கள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும். அன்று முதல் அந்தக் கட்டடத்தில் தலைவருக்குத் தொண்ணூற்றாறு என்றே பெயர்.

தையற்காரி மேலே ஒரு ஸ்வெட்டர் சேர்த்துப் போட்டுக்கொண்டு தைத்தாள். விரல் மரத்தால் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்துக்கொண்டாள். அப்படியே குளிர்காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் திங்கட்கிழமை அவள் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்து இறங்கினாள்.

குறை மாதத்தில் பிறந்த பெண் குழந்தை. இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு வந்திருக்கிறது. தகப்பன் கப்பல் வேலையில் எங்கேயோ நடுக்கடலில் இருந்தான். குழந்தையின் எடை ஒன்றே முக்கால் கிலோ. தையற்காரியின் பெரிய கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் அதைவிடக் கனம்.

கூட வந்த செவிலியர் ஒரு சின்ன வெப்பமானியைச் சுவரில் மாட்டினார். பார்த்தார். பதினாலு.

"உங்களுக்கும் எனக்கும் பதினெட்டு போதும்மா. இவளுக்கு இருபத்துநாலு வேணும். குளிர் அடிச்சா, குடிக்கிற பாலெல்லாம் உடம்பைச் சூடா வெச்சுக்கிறதுக்கே போயிடும். எடை ஏறாது. வெள்ளிக்கிழமை காலையில வருவேன். அப்பவும் ரூம் இப்படியே இருந்தா, திரும்ப வார்டுக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்."

வார்டில் தாய்க்குக் காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் அனுமதி. மிச்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும். இருபத்திரண்டு நாள் அப்படி நின்றுவிட்டு வந்தவள் தங்கை. குழந்தையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கம்பளிக்குள் புகுந்துகொண்டாள்.

"அக்கா, இவளைத் திருப்பிக் குடுக்க மாட்டேன்" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யாருடி உன்கிட்ட கேட்டா? நான் பாத்துக்கறேன், நீ படு" என்றாள் தையற்காரி.

பக்கத்து வீட்டில் ஒரு மின்சார ஹீட்டரை இரவல் வாங்கிச் செருகினாள். மாடி முழுக்க மின்சாரம் போனது. கால் மணி நேரத்தில் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் வந்தது. தனியார் வெப்பம் கட்டடத்தின் திறன் கணக்கைக் கெடுக்கும் என்பதால் அது தடை செய்யப்பட்டிருக்கிறதாம். மின்சாரம் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கடிதம் மட்டும் எப்படி அவ்வளவு சுறுசுறுப்பாக வந்தது என்று கேட்கக் கூடாது. வாரியத்துக்குச் சில வேலைகள் நன்றாகவே வரும்.

அவள் நிலவறைக்கு இறங்கினாள். பாய்லர்காரர் பாய்லர் மேலேயே சோற்றுப் பாத்திரத்தை வைத்துச் சூடாக்க முயன்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, இந்தக் குமிழைக் கொஞ்சம் திருகக் கூடாதா?"

"ஒரு விரல் போதும்மா. ரெண்டு நிமிஷ வேலை. ஆனா தொட்டா நாளைக்கு நான் வீட்டுல. அங்க பாருங்க, பெட்டி போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க. சாவி தொண்ணூத்தாறு கிட்ட இருக்கு."

"சூட்டைக் குறைச்சா திறன் எப்படிண்ணா கூடும்?"

"அது பொய் இல்லம்மா. தண்ணி ஆறிப்போய்த் திரும்பி வந்தா, புகையில போற நீராவி இங்கேயே தண்ணியா மாறி, தன்கிட்ட இருக்கிற சூட்டையும் குடுத்துட்டுப் போகும். நல்ல விஷயந்தான். ஆனா அதுக்கு ரேடியேட்டர் ரெண்டு மடங்கு பெருசா மாத்தணும். ஜன்னல் சந்தெல்லாம் அடைக்கணும். அப்பதான் வெதுவெதுப்பான தண்ணியிலயே வீடு சூடாகும். அதெல்லாம் பெரிய வேலை. குமிழைத் திருகறது சின்ன வேலை. இவங்க சின்ன வேலையை மட்டும் செஞ்சுட்டு மாலை போட்டுக்கிட்டாங்க."

"அப்ப வீடு சூடாகலைன்னு கணக்குல தெரியாதா?"

"எப்படித் தெரியும்? எரிச்ச எண்ணெயில எவ்வளவு சூடு தண்ணிக்குள்ள போச்சுன்னுதான் கணக்கு. வீடு சூடாச்சான்னு கேக்க அந்தத் தாள்ல கட்டமே இல்ல." அவர் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். வெப்பநிலைக் கட்டத்தில் 48 என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. "நான் அது மேலேயே பேனாவால எழுதணும். நல்லா அழுத்தி எழுதலைன்னா மெமோ வரும்."

அங்கிருந்து வாரிய அலுவலகம். எதிர்க் கட்டடத்தில் முதல் மாடி. உள்ளே அனலாக இருக்கும், இவர்கள் மட்டும் சுகமாக உட்கார்ந்திருப்பார்கள் என்று தையற்காரி சண்டைக்குத் தயாராகத்தான் போனாள். உள்ளே போனால் அவள் வீட்டைவிடக் குளிர். அறுபது பேர் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்து கோப்பு புரட்டிக்கொண்டிருந்தார்கள். கையுறை போட்ட விரலுக்குத் தாள் புரளாது. ஆளுக்கொரு பென்சிலின் ரப்பர் முனையால் புரட்டினார்கள். முறையீட்டு எழுத்தரின் மூக்கு பழுத்திருந்தது.

"குளிருதுங்க" என்றாள்.

"அந்த வார்த்தை இப்ப இல்லம்மா. போன மாசத்தோட எடுத்துட்டோம். வெப்பக் குறை உணர்வுன்னு சொல்லுங்க." பல் தடதடவென்று அடித்துக்கொள்ள, எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார்.

படிவத்தில் இருபத்தாறு கேள்வி. இந்த உணர்வு எப்போது தொடங்கியது? குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த உணர்வு உண்டா? உணர்வு வருவதற்கு முன் திறன் அறிக்கையைப் படித்தீர்களா?

"உங்களுக்குக் குளிரலையாங்க?"

"எங்க ஆபீஸ் பத்தொன்பதரை டிகிரிம்மா. அறிக்கையில இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுத்தர் மூக்கைத் துடைத்தார். "யாருக்கு உணர்வு?"

"குழந்தைக்கு."

"அப்ப குழந்தைதான் கையெழுத்துப் போடணும். உணர்வு ஒருத்தருக்குச் சொந்தமானது. வேற ஒருத்தர் போட முடியாது."

"பொறந்து இருபத்தஞ்சு நாள்கூட ஆகலைங்க."

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் பென்சிலால் புரட்டினார். மனுஷன் கெட்டவர் இல்லை. புத்தகத்தில் ஏதாவது வழி இருக்காதா என்று உண்மையாகவே தேடினார். "கைநாட்டு போதும்" என்றார்.

வீட்டுக்கு ஓடி, துணியில் குறி போடும் மையில் குழந்தையின் விரலைத் தொட்டுப் படிவத்தில் அழுத்தினாள் தையற்காரி. ஒரு மிளகு அளவுக்கு விழுந்தது. கட்டத்துக்கு வெளியே போகவில்லை என்பதால் எழுத்தருக்கு ரொம்பத் திருப்தி.

புதன்கிழமை ஆய்வுக் குழு வந்தது. பதினோரு பேர். பிரிவுக்கு ஒருவர் வர வேண்டுமாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. தையல் மிஷின், கட்டில், தொட்டில், வெட்டும் மேஜை போக மிச்சத்தில் பதினோரு பேரும் தோளோடு தோள் உரச நின்றார்கள். வாரியத்தின் வெப்பமானியை நடுவில் முக்காலி போட்டு வைத்தார்கள். விதிப்படி கதவையும் ஜன்னலையும் அடைத்து, சந்துக்கெல்லாம் துணி திணித்தார்கள். விதிப்படி முள் அசையாமல் நிற்கும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. குழுத் தலைவர் விதிகளைப் படித்தார். இன்னொருவர் அவற்றுக்கு விளக்கம் சொன்னார். மூன்றாமவர் விளக்கத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒன்றரை மணி நேரம். முதலில் பதினாலில் இருந்த முள் மெள்ள மெள்ள ஏறி, இருபதில் நின்றது.

"இருபது" என்றார் குழுத் தலைவர். "குறைந்தபட்சம் பதினெட்டு. உங்க முறையீட்டுக்கு ஆதாரமே இல்லையேம்மா."

"நீங்க வந்தப்ப பதினாலு இருந்துச்சுங்க."

"அது அளவு முடியறதுக்கு முன்னாடி. முடியாத அளவை யாரும் எழுத மாட்டாங்க."

போய்விட்டார்கள். படியில் காலடிச் சத்தம் அடங்குவதற்குள் பத்தொன்பது. அரை மணி நேரத்தில் பதினாறு. குழந்தைக்குப் பால் கொடுத்து முடிப்பதற்குள் பதினாலு.

தங்கை அழுதாள். தையற்காரி அழவில்லை, அவள் கண் வெப்பமானியிலேயே இருந்தது. நாள் முழுக்க ஆளை அளக்கிறவள் அல்லவா. ஒரு ஆளுக்கு எவ்வளவு துணி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். பதினோரு ஆளுக்கு ஆறு டிகிரி. ஆளுக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல். வேண்டியது பத்து டிகிரி. வெட்டும் மேஜை மேல் சாக்குக்கட்டியால் எழுதிப் பார்த்தாள். பத்தொன்பது பேர்.

நேரே எழுத்தரிடம் போனாள்.

"சார், எந்த முறையீட்டுக்கு நிறைய பேர் வருவாங்க?"

இதுவரை யாரும் அவரிடம் இப்படி ஒரு மரியாதையான கேள்வி கேட்டதில்லை. "முழு வாரியம்மா. தலைவரே வருவார். பத்தொன்பது பேர்."

"வெள்ளிக்கிழமை காலையில வருவாங்களா?"

"அதுக்கு உங்க முதல் மேல்முறையீடு தள்ளுபடி ஆகணுமே."

"இப்பவே தள்ளுபடி பண்ண முடியுங்களா?"

"தள்ளுபடிக்கு என்னம்மா, இப்பவே பண்ணிடலாம். ஏத்துக்கறதுக்குத்தான் ஆறு மாசம் ஆகும்." அவள் எழுதி முடிப்பதற்குள் அவர் முத்திரை குத்திவிட்டார். அவருக்கும் அன்றைக்கு ஒரு வேலை முடிந்த சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு முழு வாரியம் படியேறி வந்தது. தொண்ணூற்றாறு முன்னால். உயரமான மனிதர். அகலமும் அதற்கேற்றபடி. தையற்காரி மனசுக்குள் அவரை ஒன்றரை ஆளாகக் கணக்கு வைத்துக்கொண்டாள். தங்கை, தொட்டிலைச் சுற்றிப் போர்வையால் ஒரு திரை கட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டாள். கதவு அடைத்தாயிற்று. துணி திணித்தாயிற்று. நிற்க இடமில்லாமல் இரண்டு துணைச் செயலர்கள் வெட்டும் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

தலைவர் பேசினார்.

"நண்பர்களே, மக்கள் நம்மகிட்ட வந்து வெப்பம் கேக்கறாங்க. நான் அவங்களைக் குறை சொல்லல. அறியாமை. வெப்பம்ங்கறது ஒரு பழைய எண்ணம். நாம குடுக்கறது வெப்பம் இல்ல, திறன். வெப்பம் ஜன்னல் வழியா வெளிய போயிடும். திறன் எங்கயாவது போகுமா? அறிக்கையில அப்படியே இருக்கும். நான் பதவிக்கு வந்தப்ப ரேடியேட்டரைத் தொட்டா கை சுடும். அவ்வளவு வீண். இன்னைக்கு எந்தப் பச்சைக் குழந்தையும் பயமில்லாம தொடலாம். அடுத்த வருஷம் நாப்பது டிகிரி. அதுக்கடுத்த வருஷம் முப்பது. பாய்லர் எரியவே எரியாத ஒரு நாள் வரும். அன்னைக்கு நம்ம திறன் என்னவா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கண் கலங்கிற்று. பேச்சு தொடங்கும்போது பதினேழு. நடுவில் கையுறைகளைக் கழற்றினார்கள். இருபத்தொன்றில் கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்தார்கள். கைதட்டியபோது இருபத்துமூன்றரை. அவர்களில் பலருக்கு அந்தக் குளிர்காலத்தில் கால்விரல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் கிளம்பும் எண்ணத்தில் இல்லை. கருத்துச் சொல்ல ஆறு பேர் கை தூக்கினார்கள்.

செவிலியர் கதவைத் தட்டியபோது இருபத்துநாலு.

"வாங்க வாங்க" என்றார் தலைவர், சொந்த வீட்டுக்கு அழைப்பதுபோல. "பாருங்க. இருபத்துநாலு. வெறும் நாப்பத்தெட்டு டிகிரி தண்ணியில. பதிவு பண்ணியாச்சு. பத்தொன்பது கையெழுத்து."

செவிலியர் வெப்பமானியைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். மேஜை மேல் காலை ஆட்டிக்கொண்டிருந்த துணைச் செயலர்களைப் பார்த்தார். திரைக்குள் எட்டிப் பார்த்து, குழந்தையின் பாதத்தைத் தொட்டார். பிறகு, "எல்லாரும் ஒரு அரை மணி நேரம் வெளிய நில்லுங்க" என்றார்.

நின்றார்கள். அறைக்குள் மூன்று பெண்களும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு. பத்தொன்பது. தங்கையின் கை குழந்தையின் மேல் இறுகிக்கொண்டே போயிற்று. பதினாறு.

செவிலியர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அது வார்டில் சேர்க்கும் தாள். தையற்காரிக்கு அதை எங்கே பார்த்தாலும் தெரியும். முதல் முறை சேர்த்தபோது கையெழுத்துப் போட்டவளே அவள்தான்.

"நர்ஸம்மா" என்றாள். "கீழ ஒரு குமிழ் இருக்கு. ஒரு விரலால திருகினா போதுமாம். பாய்லர்காரர் சொன்னார். அதைத் திருக மாட்டேங்கறாங்க. அதான் இவங்களை வரவெச்சேன்."

செவிலியர் தாளில் எழுதுவதை நிறுத்தினார். தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, வேறு ஒரு தாளை எடுத்தார். கதவைத் திறந்தார்.

"சார், இருபத்துநாலுன்னு பதிவு பண்ணது நீங்கதானே?"

"நாங்கதான்" என்றார் தலைவர், பத்தொன்பது பேர் சார்பாக.

"அந்த நேரத்துல ரூம்ல என்னென்ன இருந்துச்சு?"

"தையல் மிஷின், மேஜை, கட்டில், தொட்டில். எல்லாம் அறிக்கையில இருக்கு."

"நீங்க?"

"நாங்களும் இருந்தோம். அதுவும் இருக்கு. வருகைப் பதிவு."

செவிலியர் நின்றபடியே எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். "இது குழந்தை நல உத்தரவு. கட்டட நிர்வாகம் கட்டுப்பட்டாகணும். குழந்தை ரெண்டரை கிலோ ஆகற வரைக்கும், இருபத்துநாலு டிகிரி பதிவானப்ப ரூம் எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருக்கணும். மிஷின், மேஜை, கட்டில், தொட்டில், வாரிய அலுவலர்கள் பத்தொன்பது பேர். எல்லாரும் கை கழுவிட்டு, மூக்கு வாய் மூடிட்டு உக்காரணும். இருமல் இருந்தா ஆள் மாத்தணும். இல்லேன்னா உங்க பதிவு தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுக் கீழ போய்க் குமிழைத் திருகுங்க. ரெண்டுல எது வசதியோ செய்யுங்க."

வாரியம் படிக்கட்டில் கூடியது. கீழ்ப்படியில் பாய்லர்காரர், பூட்டைத் திறக்கச் சொன்னால் ஓடுவதற்குத் தயாராக நின்றிருந்தார். அரை மணி நேர விவாதம். குமிழைத் திருகினால் பதிவு தவறாகும். பதிவு தவறானால் அறிக்கை தவறாகும். அறிக்கை தவறானால் தொண்ணூற்றாறு என்ற எண் என்ன ஆகும்? அந்தக் கேள்வியோடு எல்லோரும் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, "உக்காருவோம்" என்றார்.

பாய்லர்காரர் சத்தமில்லாமல் படியிறங்கிப் போய், பதிவேட்டில் 48 மேல் அழுத்தி 48 எழுதினார்.

அன்று மதியத்திலிருந்து முறை வைத்து உட்கார்ந்தார்கள். அறுபது பேர், மூன்று முறை. முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் முறைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்திலும் எதிர்க் கட்டடத்திலும் மனுஷன் கை காலை நீட்டி உட்காரக்கூடிய அறை இப்போது அது ஒன்றுதானே. பணி மூப்புப்படி முறை போட வேண்டும் என்று ஒரு சங்கம் மனுக் கொடுத்தது. முறை முடிந்தும் போகாமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட ஒரு கணக்காளரைத் தையற்காரி துடைப்பத்தால் வெளியே தள்ளினாள். முறையீட்டு எழுத்தர் வரும்போதெல்லாம் தும்மலை அடக்கிக்கொண்டு ஓரமாக உட்காருவார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடுவாள். சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கக் கொடுத்தாள். துணைச் செயலர் ஒருவருக்குப் பொத்தான் தைக்கக்கூட வந்துவிட்டது.

நாலாவது மாடியில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் தனக்கும் எட்டு அலுவலர் வேண்டும் என்று எழுதிப் போட்டார். ஆள் போதாததால் வாரியம் புதிதாக நாற்பது பேரை வேலைக்கு எடுத்தது. குமிழ் நாற்பத்தெட்டிலேயே இருந்தது. ஆண்டறிக்கையில் திறன் தொண்ணூற்றேழு என்று வந்தது.

குழந்தை இரண்டு கிலோ தாண்டிய வாரம், தலைவரின் முறை. மூப்பில் முதல்வர் என்பதால் தொட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. முகத்திரைக்கு மேல் கண்கள் மூடியிருந்தன; அடுத்த வருஷத்து நாற்பது டிகிரிக்கான உரையை மடியில் வைத்துக்கொண்டு அசந்திருந்தார். பால் கொடுத்து முடித்த தங்கை குழந்தையைத் தொட்டிலில் கிடத்தி, சுற்றுமுற்றும் பார்த்து, அவர் தோளைத் தட்டினாள்.

"சார், ஒரு அடி இந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க. பிள்ளைக்குக் கால் ஜில்லுனு இருக்கு."

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.